ஐந்தரை மணித்தியாலம்

விமான நிலையத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை நாங்கள் ரவர் என்போம், அதன் சுவரில் இரண்டு மணிக்கூடுகள் இருந்தன. ஒன்று இலங்கை நேரம் காட்டும். மற்றது கிரீன்விச் நேரம், எங்களுடையதைவிட ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. உலகம் முழுக்க விமானங்களின் நேரத்தை அந்த இரண்டாவது மணிக்கூட்டின்படிதான் எழுதுவார்கள். எந்த நாட்டு விமானி வாசித்தாலும் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. குழப்பம் வரக்கூடாதாம்! இப்போதும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் இருந்த அந்த விமான நிலையத்தில் நான் சிவில் உத்தியோகத்தன். பயணிகள் விமானம் எப்போது இறங்கலாம், எப்போது ஏறலாம் என்று வானொலியில் சொல்வது என் வேலை. கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், கொழும்பிலிருந்து ஒரு சின்ன விமானம் வரும். ஆனால் ஓடுபாதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. விமானப்படையும் அதே ஓடுபாதையில்தான் இறங்கியது, அதே வானத்தில்தான் பறந்தது. ஆகவே ரவருக்குள்ளே இரண்டு மேசைகள். ஒன்றில் நான். பத்தடி தள்ளி மற்றதில் விமானப்படைச் சார்ஜன் ஒருவர், காலியிலோ மாத்தறையிலோ பிறந்த சிங்களவர்.

உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் மூன்று மாதப் பயிற்சிக்கென்று என்னை ஐரோப்பாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பெரிய மண்டபம், வரிசையாக ராடர் திரைகள், கண்ணைப் பறிக்கிற சாமான்கள். எனக்கு மனதில் நின்றது அங்கிருந்த சுழல் கதிரைதான். பயணிகள் விமானத்தைப் பார்க்கிறவனுக்கு இராணுவத்தின் வானத்துக்குள்ளால் ஒரு வழி வேண்டுமென்றால், கதிரையைச் சுழற்றி, பின்னாலிருக்கும் சீருடைக்காரனிடம் கேட்பான். அவன் ஓம் என்பான், அல்லது பொறு என்பான். இவன் திரும்பவும் கதிரையைச் சுழற்றிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பான். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று நான் அப்போது மனதுக்குள் சிரித்தேன். எனக்கு அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு இளக்காரம் இருந்தது.

எங்கள் ரவரில் சுழல் கதிரை இல்லை, கழுத்தைத் திருப்பினால் போதும். விமானப்படை அடுத்த நாள் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வானத்தைத் தனக்கென்று மூடுகிறது என்று ஒவ்வொரு பின்னேரமும் ஒரு கடதாசித் துண்டில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். பறந்துபோகாமல் அதன்மேல் ஒரு முருகைக்கல் இருக்கும். சட்டப்படி அதைக் கிரீன்விச் நேரத்தில் எழுதவேண்டும். ஆனால் அவர்கள் எழும்புவதும் சாப்பிடுவதும் உள்ளூர் நேரத்தில், ஆகவே பாதி நாள் உள்ளூர் நேரத்தையே எழுதிவைப்பார்கள். நான் காலையில் வந்து துண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேத்தண்ணிக்கு முன்னரே கேட்பேன்.

"உங்கடை நேரமோ, என்ரை நேரமோ?"

"இன்னிக்கு எங்க நேரம், மிஸ்டர்" என்பார் சார்ஜன், உள்ளூர் நேரம் என்றால். கன்ரீனில் பொறுக்கிச் சேர்த்த தமிழ் அவருடையது. கிரீன்விச் நேரத்தில் எழுதிய நாட்களில் "உங்க நேரம், உங்க நேரம்" என்று கும்பிடுவார். நான் சிவப்புப் பென்சிலால் அதைத் துண்டின் மூலையில் குறித்துக்கொள்வேன். பிறகு அவர் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றுவார். எங்கள் ஒருங்கிணைப்பு முழுவதும் இவ்வளவுதான், அது ஒரு நாளும் பிழைத்ததில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் என் சித்தப்பாவின் கடையைச் சிங்களக் காடையர் எரித்தார்கள். சித்தப்பா உடுத்த சாரத்தோடு கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். நான் அவரைக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனேன். ரவர்ப் படி ஏறி உள்ளே நுழைந்ததும் சார்ஜன் எழும்பி நின்றார். கிட்ட வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கதிரையில் போய் இருந்தேன்.

அவர் என் சித்தப்பாவின் கடையைக் கொளுத்தவில்லை. அந்த நாட்களில் அவர் எங்கள் ரவருக்குள்ளேதான் இருந்தார். இது எனக்குத் தெரியாமலா? நன்றாகத் தெரியும். ஆனால் எனக்கு மூக்கு நுனியில் கோபம், பிறவிக் குணம். யாரிலாவது காட்டவேண்டும், பத்தடி தூரத்தில் சீருடையோடு இருந்தது அவர் ஒருவர்தான். அன்றிலிருந்து பேச்சை நிறுத்தினேன். அவர் ஊற்றிய தேத்தண்ணி நாலைந்து நாள் என் மேசையில் ஆறிக் கிடந்தது. பிறகு அவரும் ஊற்றுவதை விட்டுவிட்டார்.

பேசாமலிருந்தால் துண்டை எப்படிக் கேட்பது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன், கெட்டிக்காரன் அல்லவா நான். அவருடைய மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இனிமேல் துண்டிலுள்ள எல்லா நேரமும் கிரீன்விச் நேரமாகவே இருக்கவேண்டும், வேறுவிதமாக எழுதினால் அதற்கு சிவில் பகுதி பொறுப்பல்ல என்று. பாதுகாப்பை முன்னிட்டு என்றும் ஒரு வரி சேர்த்தேன். உண்மையில் அந்த மனுசனின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்காமல் இருப்பதற்காகவே எழுதினேன். கடிதம் வேலைசெய்தது. சார்ஜன் அடுத்த நாளிலிருந்து தன் கையாலேயே கிரீன்விச் நேரத்தை எழுதி, அதன் அடியில் இரண்டு கோடும் போட்டு வைத்தார். ஒரு வருசத்துக்கு மேல் ஒரே அறையில் இருந்தோம், ஒரு சொல் பேசவில்லை.

என் அக்காவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கிப்போன வருத்தம். சின்ன வயதில் வந்த காய்ச்சலொன்றின் மிச்சம் என்றார்கள். கிணற்றடியிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவாள். அத்தான் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றராக வேலை பார்த்தார், ஒரே ஒரு மகள், அப்போது ஐந்தாம் வகுப்பு. கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு எழுதிப் போட்டுவிட்டு ஒன்றரை வருசம் காத்திருந்தார்கள். எண்பத்து நாலு புரட்டாதியில் கடிதம் வந்தது. ஒரு புதன்கிழமை காலை வந்து கட்டிலில் சேரவேண்டும், வராவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போகும், பிறகு புதிதாக வரிசை. அந்தக் கிழமை ரயில் ஓடவில்லை. வழியில் தண்டவாளம் பெயர்ந்து கிடந்தது. பஸ்ஸில் நாள் முழுக்கக் குலுங்கிப் போகிற உடம்பும் இல்லை அவளுக்கு. இங்கத்தைய டொக்டர் ஒரே பேச்சாகச் சொன்னார், பிளேனில் கொண்டுபோங்கள் என்று.

"பிளேன் எங்கடை தம்பியின்ரை கையிலை எல்லோ இருக்கு. பேந்தென்ன!" என்று அக்கா சிரித்தாள். அவளுக்கு என்னில் அப்படி ஒரு பெருமை. செவ்வாய்க்கிழமை விமானத்தில் இரண்டு இடம் பதிந்தேன், அவளுக்கும் அத்தானுக்கும்.

அந்தச் செவ்வாய் காலை ஏழரைக்கு நான் ரவருக்குள் ஏறினேன். முருகைக்கல்லுக்குக் கீழே துண்டு இருந்தது. 0430 முதல் 0630 வரை. கிரீன்விச் நேரம் என்றால் எங்கள் நேரத்தில் காலை பத்து முதல் பன்னிரண்டு. கொழும்பு விமானம் இறங்கவேண்டியது பத்தேகால்.

துண்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுத்து சார்ஜனுடையது அல்ல, வலது பக்கம் சரிந்த வேறொரு கை. அடியில் இரண்டு கோடும் இல்லை. இதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். சார்ஜன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் மேசையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பி, "உங்கடை நேரமோ, என்ரை நேரமோ?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நான் கேட்கவில்லை. வானொலியில் கொழும்பைக் கூப்பிட்டு, பத்திலிருந்து பன்னிரண்டு வரை இங்கே வானம் மூடியிருக்கிறது என்றேன். பத்துக்கு முன் வர முடியுமா என்று கேட்டேன். விமானத்தைப் பரிசோதிக்கிறார்கள், முன்னுக்கு வெளிக்கிட ஏலாது என்றார்கள். பன்னிரண்டுக்குப் பிறகு? பின்னேரம் விமானத்துக்கு வேறு பயணம் இருக்கிறதாம். நோயாளி ஒருவர் இருக்கிறார், என் சொந்த அக்கா, தயவுசெய்து ஏதாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த, முகம் தெரியாத ஒருவனிடம் அப்படிக் கெஞ்சினேன். பத்தடியில் இருந்தவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கடைசியில் கொழும்பு சொன்னது, இன்றைக்கு இல்லை, வெள்ளிக்கிழமை பார்ப்போம் என்று.

கீழே பயணிகள் கொட்டகையில் அக்கா எட்டு மணிக்கே வந்து இருந்தாள். வாசல் காவலரணில் இறக்கி, பெட்டியைக் கிண்டிப் பார்த்து, விமானப்படையின் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். மடியில் ஆஸ்பத்திரிக் கடிதம். பக்கத்தில் அத்தான், சூட்கேஸும் சுடுதண்ணிப் போத்தலுமாக. நான் போய் விசயத்தைச் சொன்னேன். அத்தானின் முகம் கறுத்தது.

"பத்து மணிக்கு மூடுறாங்களோ? எங்கடை பிளேன் வாற நேரம் பாத்தோ?"

அக்கா கடிதத்தை மடித்து விரித்து மடித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "தம்பி, நீ அவங்களிட்டைக் கேட்டுப் பாத்தனியே?"

"ஓம் அக்கா. எவ்வளவோ கேட்டுப் பாத்தனான். ஏலாதாம்" என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. பதினாலு மாத வீம்பை அந்த இடத்தில், அந்த நெஞ்சு வருத்தக்காரியிடம் எப்படி விளங்கப்படுத்துவது? பொய் சுகமாக வந்தது. அத்தான் காறித் துப்பினார். "நாசமாப் போவாங்கள். ஒரு வருத்தக்காரிக்கு வழி விடாதவங்கள்!"

வெளியே போகிற பஸ் பன்னிரண்டு மணிக்குத்தான். அதுவரை அவர்கள் கொட்டகையிலேயே இருக்கவேண்டியிருந்தது. நான் ரவருக்கு ஏறிவிட்டேன். பத்து மணியானது. வானத்தில் ஒன்றும் இல்லை. பத்தரை, பதினொன்று, ஒன்றும் இல்லை. ஒரு ஹெலிகொப்டர்கூடக் கிளம்பவில்லை. கீரிமலைப் பக்கத்தில் கொஞ்சம் முகில் நின்றது, மற்றபடி கழுவித் துடைத்த வானம். கண்ணாடிக்குள்ளால் கீழே பார்த்தேன். அக்கா கொட்டகையின் விளிம்பில் வந்து நின்று, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்கு இரண்டு மணிக்கூடுகளையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்ற பயம் வந்துவிட்டது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, சார்ஜன்தான் வாயைத் திறந்தார்.

"மிஸ்டர், ஏன் இன்னிக்கு உங்க பிளேன் வரல்ல?"

நான் துண்டை நீட்டினேன். எழும்பி வந்து வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"ஐயோ மிஸ்டர், இது எங்க நேரம். விடிய நாலரை. எங்க பிளேன் வந்து, ஆறரைக்கெல்லாம் போயிட்டுது. நேத்து எனக்கு லீவு, புதுசா வந்த ஆள் எழுதினது." துண்டைத் திருப்பி என் மேசையில் வைத்தார். "காலையில இருந்து வானம் சும்மா இருக்கு. நீங்க கேக்கல்லையே?"

நான் உடைந்துபோனேன். கீழே என் அக்கா இருக்கிறாள், நாளைக்கு அவளுக்குக் கொழும்பில் கட்டில் என்று தமிழும் ஆங்கிலமுமாக உளறினேன். சார்ஜன் என் தோளில் ஒரு தரம் கையை வைத்தார். பிறகு தன் மேசைக்குப் போய் ரெலிபோனைத் தூக்கினார். நிமிர்ந்து நின்றபடி சிங்களத்தில் யாருடனோ கதைத்தார். "ஹரி சேர், ஹரி சேர்" என்று சரி சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"மூணு மணிக்கு எங்க சாமான் பிளேன் கொழும்பு போகுது. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு. சேர் சரி சொல்லிட்டார். ஓடுங்க!"

நான் ரவர்ப் படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பஸ் ஸ்ராட் பண்ணியிருந்தது. அக்காவும் அத்தானும் ஏறி இருந்துவிட்டார்கள். யன்னலடியில் நின்று, மூச்சு வாங்க வாங்க, இறங்குங்கோ, விமானப்படைப் பிளேனில் இரண்டு இடம் கிடைத்திருக்கிறது என்றேன்.

அத்தான் அசையவில்லை. "அவங்கடை பிளேனிலையோ?"

"ஓம் அத்தான். மூண்டு மணிக்கு."

"விசர்க்கதை கதையாதை மச்சான். காலமை நீ அவ்வளவு கெஞ்சியும் ஏலாது எண்டவங்கள், இப்ப ஏன் தாங்களாக் கூப்பிட்டு ஏத்துறாங்கள்? வருத்தக்காரியைக் கொண்டுபோய் என்ன செய்வாங்களோ, ஆர் கண்டது? நான் விடமாட்டன்."

அவருடைய கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில் இருந்தது. அவர்கள் மாட்டோம் என்று சொல்லவே இல்லை, நான் கேட்கவே இல்லை. இதைச் சொல்லியிருந்தால் அத்தான் என் கன்னத்தில் அறைந்திருப்பார். அறைந்துவிட்டு, அக்காவை இறக்கியிருப்பார். மூன்று மணிக்கு அவள் பறந்திருப்பாள்.

அக்கா அத்தானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "நீ என்ன சொல்லுறாய் தம்பி? போவமோ?"

நான் வாயைத் திறந்தேன். சாரதி ஹோர்ன் அடித்தான். "உங்கடை விருப்பம்" என்றேன். பஸ் போய்விட்டது. ரவரின் யன்னலில் சார்ஜன் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விமானம் ஒழுங்காக வந்தது. அத்தான் மட்டும் அதில் போய் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பார்த்தார். கட்டில் போய்விட்டது, புதிய திகதி தைமாதத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். கார்த்திகையில் மழை பிடித்தது. அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டி, இரண்டே நாள். மகள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். செத்தவீட்டில் அத்தான் வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "வானத்தைப் பூட்டிப்போட்டாங்கள். மச்சான் காலிலை விழாத குறையாக் கேட்டவன். விடேல்லை." சனம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டியது. யாரோ ஒரு மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். சார்ஜன் என் முகத்தைப் பார்த்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நான் குடித்தேன். அடுத்த மாதம் அவருக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு பயணிகள் விமானம் குறைந்து குறைந்து, ஒரு நாள் நின்றே போனது. என் மேசையைத் தூக்கிக் கொண்டுபோய் எங்கோ போட்டார்கள். தொண்ணூறில் சண்டை மூண்டு காங்கேசன்துறைச் சனமெல்லாம் ஊரை விட்டு எழும்பினோம். வானம் முழுக்க அவர்களுடையதாயிற்று. யாரும் யாரிடமும் கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போனது.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது நான், அத்தான், அக்காவின் மகளான என் மருமகள் மூவரும் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒதுங்கினோம். மருமகளுக்கு இருபத்தொரு வயது, அக்காவின் நெற்றி, அக்காவின் கண். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பகல் பத்து மணி இருக்கும், மேலே பொம்மர் வந்து சுற்றியது. எல்லோரும் வாங்குகளுக்குக் கீழே படுத்தோம். அது வேறெங்கோ போய்க் குண்டு போட்டது. சத்தம் அடங்கியதும் அத்தான் புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்பி இருந்தார். அவர் நன்றாகத் தளர்ந்துவிட்டார்.

"அண்டைக்கும் இதே பத்து மணிதான்" என்றார். "அண்டைக்கு மட்டும் வானத்தைப் பூட்டாமல் விட்டிருந்தாங்கள் எண்டால்…"

மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அம்மாவுக்காக நீங்கள் அண்டைக்கு அவங்களிட்டை எவ்வளவு கெஞ்சினீங்கள் எண்டு அப்பா எப்பவும் சொல்லுவார். நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. உண்மையாக் கேட்டனீங்களே?"

பதினொரு வருசத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அத்தான் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

"ஓம் பிள்ளை" என்றேன். "கேட்டனான்."